பாதை வரும்வரை

என் முதல் நாவலின் பிரதி சென்னையிலிருந்து திருத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது, இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நான் எழுதியிருந்தது: "பாதை இன்னும் வரவில்லை." மெய்ப்புப் பார்த்தவர் 'பாதை'யை வெட்டிவிட்டுப் 'பேருந்து' என்று போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: பாதை எப்படி வரும்?

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பாதை வரும். ஆற்றையோ களப்பையோ கடக்க பஸ், உழவு இயந்திரம், மாட்டு வண்டி, ஆட்கள் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்குத் திருகோணமலை, மட்டக்களப்பு ஆட்கள் பாதை என்றுதான் சொல்வார்கள். கரையில் நின்று "பாதை அந்தப் பக்கம் நிக்குது" என்போம். மூன்றாம் அத்தியாயத்தில் "பாதையில் தயிர்ச் சட்டி உடைந்தது" என்று ஒரு வரி இருந்தது. அதை அவர் தொடவில்லை. தெருவில் உடைந்ததாக நினைத்திருப்பார்.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். அந்த நாவலில் வட்டார வழக்கு இருக்க வேண்டும் என்று நான் யோசித்து யோசித்துப் போட்ட சொற்கள் ஒரு முப்பதாவது இருக்கும். அவற்றில் ஒன்றுகூட அவருக்கு இடறவில்லை. மண்வாசனைக்காகப் போட்டது என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும், விட்டுவிட்டார். இடறியது, வட்டாரச் சொல் என்று எனக்கே தெரியாமல் வந்து விழுந்த ஒன்று. பாதை என்பது எல்லாத் தமிழருக்கும் பாதைதான் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர் என் எழுத்தில் எங்கே தடுக்கினாலும் அதை அதில் குறித்துக்கொள்வேன். எழுதத் தொடங்கும் பிள்ளைகள் கேட்டால் முதலில் சொல்வதும் இதுதான். உங்கள் ஊர் உங்களுக்குள் எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடினால் கோயிலும் கடலும்தான் அகப்படும். ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் இருபது பக்கம் கொடுத்து, புரியாத இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். விளக்கம் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். கோட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், துறைமுகத்தில் வேலை கிடைத்துத் திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வந்தவர். அம்மா சம்பூர். பள்ளி லீவு விட்டால் அம்மாவின் ஊருக்குப் போவோம். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து கிடைக்கிற வண்டியில் போவது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கி லோஞ்சு ஓடாவிட்டால் தரைவழி. தரைவழி என்பது பேருக்குத்தான். கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாற்றில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று. மகாவலி கடலில் சேரும் இடமல்லவா, தரையைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

ஒவ்வொரு துறையிலும் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் அரை மணி நேரம், எஞ்சின் மக்கர் பண்ணினால் பாதி நாள். கரையில் ஒரு பிளேன்டீக் கடை, கச்சான் கடலை விற்கிற பெடியன், கோழிக் கூடையோடு ஒரு கிண்ணியா முஸ்லிம் காக்கா, சேருவிலப் பக்கம் போகிற சிங்களக் குடும்பம் ஒன்று, எங்கள் அம்மா. வேலையில்லாமல் நிற்கிறவர்களுக்குக் கதைப்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது. நான் கேட்ட கதைகளில் பாதி அந்தக் கரைகளில் கேட்டவை. கிணற்றில் விழுந்து பிழைத்தவள், கள்ளத் தோணியில் போனவன், இரண்டு பெண்சாதிக்காரன் என்று கதை சூடு பிடிக்கும் நேரத்தில் பாதை வந்து கரையில் இடிக்கும். எல்லாரும் ஓடுவார்கள். கதை சொன்னவர் முன் சீட்டில், நாங்கள் பின் சீட்டில். அடுத்த துறையில் அவரைத் தேடினால் இடையில் எங்கோ இறங்கிப் போயிருப்பார். அந்த இரண்டு பெண்சாதிக்காரனுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாவல் வெளிவந்து சில மாதம் கழித்து வவுனியாவில் ஒரு சிறிய கூட்டம். ஒரு வாசகர் எழும்பி, "உங்கட நாவலில ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் போய்ச் சேருறதில்லை. எல்லாரும் நிண்டுகொண்டே இருக்கினம்" என்றார். குறையாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 23 அத்தியாயத்தில் 14, யாரோ எதற்காகவோ காத்து நிற்பதில் தொடங்குகின்றன. இறங்குதுறை, சோதனைச் சாவடி, ஆசுபத்திரி பெஞ்சு, நிவாரண வரிசை. பல அத்தியாயங்கள் கதை முடியாமலே நின்றுவிடுகின்றன, பாதை வந்து இடித்த மாதிரி.

இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. பத்து வயது வரை துறைகளில் நின்றேன். பிறகு யுத்த காலம் முழுக்கச் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, மறுபடி ஏறினேன். கால் பழகிய பழக்கம் அத்தியாயங்களின் அமைப்பாகிவிட்டது. வளர்ந்த இடம் கதைக்குள் புகுவது இப்படித்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. வர்ணனையில் நான் ஊரைத் தேடிக்கொண்டிருக்க, அது கட்டமைப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாவல் எழுதி முடித்தவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு அத்தியாயமும் தொடங்கும்போது உங்கள் ஆட்கள் எங்கே, என்ன செய்துகொண்டு இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் உங்கள் வளர்ப்பு. வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பது பிறகு. நான் இரண்டாவது நாவலில் ஆறு அத்தியாயங்களை வேண்டுமென்றே ஆட்கள் நடந்துகொண்டிருப்பதில் தொடங்கினேன். அதில் நாலு நன்றாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், பதினாறு வயதில், பள்ளிக்கூட மலருக்கு ஒரு கதை எழுதினேன். அக்கிரகாரம், படித்துறை, ஆடி மாதச் சாரல் எல்லாம் அதில் இருந்தன. நான் அக்கிரகாரத்தைக் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து வீட்டு மாமி இந்தியப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துக் கட்டி வைத்திருந்தார். அவற்றைப் படித்து வளர்ந்த பிள்ளைக்குக் கதை என்றால் அது இந்தியாவில்தான் நடக்க வேண்டும். அம்மாவின் தம்பி கரைவலை இழுக்கிறவர். அவருக்குக் கதையை வாசித்துக் காட்டினேன். சாரல் வந்த இடத்தில் மாமா சிரித்துவிட்டார். "ஆடியில எங்க பிள்ளை சாரல்? கச்சான் அடிச்சு மண்டை காயுது."

கொழும்பில் வளர்ந்த ஒரு சிநேகிதி இதைக் கேட்டு, கச்சான் எப்படி அடிக்கும் என்றாள். அவளுக்குத் தெரிந்தது வறுத்த கச்சான். எங்களுக்கு அது காற்றும்தான். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வருகிற சூடான, வறண்ட காற்று. உதடு வெடிக்கும், துணி அரை மணியில் காயும், கடல் குளம் மாதிரி கிடக்கும். மேல்கரையில் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் படகுகளோடு வந்து எங்கள் கரைகளில் வாடிக் குடிசை போடுவார்கள். ஐப்பசி கடந்து வாடைக் காற்று திரும்பி மழை இறங்கினால் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடன் எப்போது கேட்பது, கலியாணம் எப்போது வைப்பது, வீட்டில் எப்போது சண்டை வரும் என்பதெல்லாம் அந்தக் காற்றைப் பார்த்துத்தான். இதை விட்டுவிட்டு நான் சாரலுக்குப் போயிருந்தேன்.

இப்போது எந்தக் கதைக்கும் முதலில் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் கோடு போட்டுக்கொள்கிறேன். எந்தக் காற்று, கடல் எப்படி, என்ன மீன் படும், வெளியூர்க்காரர் யார் ஊரில் இருப்பார்கள், வயலில் என்ன வேலை, கோயிலில் என்ன, பிள்ளைகளுக்குச் சோதனை எப்போது. ஆடி அமாவாசை அன்று ஊரே கடற்கரையில் நிற்கும். அந்த நாளில் ஒருத்தியும் ஒருத்தனும் கடற்கரையில் தனியாகச் சந்திப்பதாக எழுதினால் மாமா மறுபடி சிரிப்பார்.

ஊர்க்காரர் ஊரைத்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற மோகனாங்கியை 1895 இல் எழுதிய சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். சென்னையில் மாநிலக் கல்லூரி நூலகத்தில் இருந்தவர். அவருடைய நாவல் நாயக்கர் காலத்துத் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போய்விட்டது. அதே கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூரில் இருந்த வ. அ. இராசரத்தினம் தன் காலடியில் இருந்த கடலை எழுதினார். சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவப் பையனின் கதையைப் படித்த அன்றுதான், மாமாவைப் போன்ற ஆட்களும் அச்சில் வரலாம் என்று எனக்குத் தெரிந்தது. இந்தியக் கதைகளை நான் படித்ததும் என் வளர்ப்பில் ஒரு பகுதிதானே. அதற்காக வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. காலண்டரை மட்டும் கடன் வாங்கக் கூடாது.

பேச்சு விஷயத்தில் நான் பட்ட அடியை என் தங்கை கொடுத்தாள். முதல் நாவலில் ஒரு மாமியாரும் மருமகளும் வருகிறார்கள். எங்கள் அப்பாச்சியும் அம்மாவும்தான் மனதில். தங்கை படித்துவிட்டு, "அக்கா, ரெண்டு பேரும் ஒரே மாதிரிக் கதைக்கினம். வாருகல் சண்டை மறந்து போச்சா?" என்றாள். அம்மாவுக்குக் கூட்டுகிற சாமான் வாருகல். அப்பாச்சிக்கு அது விளக்குமாறு. அந்த வீட்டில் இருந்த அத்தனை வருடமும் அப்பாச்சி ஒரு நாளாவது வாருகல் என்று சொன்னதில்லை. "அந்த விளக்குமாத்தை எடு பிள்ளை" என்பார், அம்மா கேட்காத மாதிரி நிற்பார். ஒரு சாமான், இரண்டு பெயர், அதற்குள் முழு மாமியார் சண்டையும் இருந்தது. நான் அதை விட்டுவிட்டு நகைப் பிரச்சினை ஒன்றைக் கற்பனை பண்ணி எழுதியிருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு ஊர்ப் பேச்சு கேட்டு வளர்ந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சண்டைக்குக் கதை தேட வேண்டியதில்லை.

மான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமலையில் மான்கள் கோட்டைக்குள் மட்டும் இல்லை, பஸ் நிலையம், கடற்கரை எல்லாம் திரியும். நாவலில் ஒரு மானும் இல்லையே என்று வெளியூர் நண்பர் கேட்டார். உடனே ஒரு பக்கம் எழுதினேன்: நிலவு, கோணேசர் மலை, புள்ளிமான். எழுதியதில் அதைவிடப் பொய்யான பக்கம் இல்லை. கடைசியில் அதைத் தூக்கிவிட்டு, பஸ் நிலையத்தில் சாப்பாட்டுப் பார்சலின் லஞ்ச் சீட்டை மென்றுகொண்டு நிற்கும் மானை ஒரு கிழவி "ச்சூ" என்று செருப்பால் விரட்டுவதாக ஒரு வரி மட்டும் வைத்தேன். எங்களுக்கு அது மாடு மாதிரித்தான்.

2006 இல் சம்பூர்ச் சனம் முழுதும் இடம்பெயர்ந்தது. மாமாவின் குடும்பம் பல இடம் அலைந்து கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்தது. 2015 இலிருந்துதான் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன. மாமா திரும்பியபோது அம்மாவும் நானும் கூடப் போனோம். வீடு இல்லை. வேலி இல்லை. பனை வரிசை இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும், கட்டு உடைந்து கிடந்தது. நான் அதற்கு முன்பே அந்த வீட்டை எழுதியிருந்தேன், ஒரு பழைய போட்டோவை வைத்து. மாமரம், முன் விறாந்தை, கதவில் பச்சைப் பெயின்ட்.

அம்மா கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். செருப்பைக் கழற்றினார். பிறகு எண்ணிக்கொண்டு நடந்தார். நின்ற இடத்தில், "இதுதான் குசினி வாசல்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வெறுங்கையோட பதினெட்டு எட்டு. குடத்தோட எண்டா இருபத்திரண்டு."

மாமா மண்வெட்டியால் கொத்திப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதை அம்மா பெரிதாக எடுக்கவில்லை, மாமாவும் எடுக்கவில்லை. புது வீட்டுக் குசினிக்கு அங்கேதான் கல் வைத்தார்கள்.

குடத்தோடு நாலு எட்டு கூடும். தண்ணீர் தளும்பாமல் நடக்கிற ஒரு பெண்ணின் காலடி அவ்வளவு சிறுத்துவிடும். அந்த நாலு எட்டை நான் எந்தப் போட்டோவிலும் பார்த்திருக்க முடியாது. இடம்பெயர்ந்ததைப் பற்றி அம்மாவிடமும் மாமாவிடமும் முன்பு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேட்டால் பேப்பரில் வந்த மாதிரியே சொல்வார்கள், பாவம், அத்தனை அதிகாரிகளுக்கு அதையே சொல்லிப் பழகிவிட்டது. இப்போது நான் அப்படிக் கேட்பதில்லை. கோழிகளை என்ன செய்தீர்கள், கதவைப் பூட்டினீர்களா, திறப்பு எங்கே, எந்தத் தோளில் பையைப் போட்டீர்கள் என்று கேட்பேன். திறப்பைக் கேட்டதற்கு மாமா எழும்பிப் போய் அதைக் கொண்டுவந்து காட்டினார். பத்து வருடமாக இடுப்பு வாரில் கொழுவியிருந்தாராம்.

பக்கத்து வீட்டுக்குள் நடப்பதையும் ஊரில் வளர்ந்ததாலேயே தெரியும் என்று நினைத்தது இன்னொரு பிழை. இரண்டாவது நாவலில் கிண்ணியாவில் ஒரு மரண வீடு வருகிறது. என்னோடு படிப்பித்த கிண்ணியா ஆசிரியை ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஜனாஸாவுக்குப் பின்னால் மனைவி மையவாடி வரை அழுதுகொண்டு போவதாக எழுதியிருந்தேன். "டீச்சர், எங்கட பொம்பிளையள் அங்க போறேல்ல. வீட்டோடதான்" என்றார். இருபது வருடம் பழகியவர், எத்தனை மரண வீட்டுக்குப் போயிருக்கிறேன், நான் கவனித்ததில்லை. மனைவியை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி, தெருவில் ஆண்களின் குரல் தேய்ந்து போவதை மட்டும் அவள் கேட்பதாக மாற்றி எழுதினேன். அந்த நாவலில் உருப்படியான இரண்டு பக்கம் அது.

சொந்தக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன ஊர்; எழுதினால் யாராவது கோபிப்பார்கள். ஒரு உறவினரைப் பாத்திரமாக்கினேன். பெயரை மாற்றினேன், தொழிலை மாற்றினேன், மீசையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் கோயிலுக்குப் போனால் செருப்பை வெளியே விடாமல் பையில் சுற்றி உள்ளே கொண்டுபோகும் பழக்கத்தை விட மனம் வரவில்லை. முழு ஊரும் கண்டுபிடித்துவிட்டது. நாலு வருடமாக என்னோடு கதைப்பதில்லை. போன தையில் ஒரு கலியாண வீட்டில் எதிரே வந்தார், கையில் அந்தப் பை. நான் சிரித்ததை அவர் கண்டுவிட்டார், இனி இன்னும் நாலு வருடம். பெயரை மாற்றுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை, பழக்கத்தை மாற்ற வேண்டும். ஒருவருடைய பழக்கத்தை எடுத்து இன்னொரு தெருவில், வேறு வயதில், ஆணுடையதைப் பெண்ணுக்குப் போடுங்கள். பாத்திரத்துக்கும் அது நல்லது.

இப்போது மூன்றாவது நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிண்ணியாவுக்கு 2009 இல் பாலம் வந்துவிட்டது, கிட்டத்தட்ட 400 மீற்றர். உப்பாறு, கங்கை, இறால்குழி எல்லாவற்றிலும் பாலம். மூதூருக்கு பஸ் நிற்காமல் போகிறது. சந்தோசம்தான், வயிற்று வலியோடு கரையில் பாதி நாள் கிடந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன், பாதைக்காக ஏங்குகிற ஆள் நான் இல்லை.

தங்கையின் மகன் அந்தப் பாலம் திறந்த வருடம் பிறந்தவன். கணினியில் எனக்கு எழுத்துரு பிரச்சினை வந்தால் அவன்தான் பார்ப்பான். போன கிழமை திரையில் இருந்த முதல் பக்கத்தைப் படித்தான். "பாதை இன்னும் வரவில்லை" என்ற வரியை மறுபடி எழுதியிருந்தேன், கொஞ்சம் பிடிவாதமாக. கோடு போட்ட சென்னைக்காரர் ஞாபகம் வந்து, இவனும் பாதை எப்படி வரும் என்று கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன், "பெரியம்மா, இது குறிஞ்சாக்கேணிக் கதையா?" என்று கேட்டான்.

2021 நவம்பரில், பாலம் திருத்துகிறார்கள் என்று குறிஞ்சாக்கேணியில் ஓடிய பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளும் இறந்தார்கள். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தச் சொல்லை அவன் கேட்டதே அந்தக் கிழமைதான். எனக்குப் பிளேன்டீயும் கச்சானும் முடியாத கதைகளுமாக இருக்கிற சொல் அவனுக்கு அந்த ஒரு காலை மட்டும்.

இல்லை, இது பழைய கதை என்றேன். அவன் போன பிறகு அந்த வரிக்கு மேலே 1984 என்று வருடத்தைப் போட்டேன். நாவலில் பாதை வருகிற இடம் இன்னொன்றும் இருக்கிறது, பதினோராம் அத்தியாயத்தில். அதற்கு இன்னும் வருடம் போடவில்லை.